கைராசிக்காரியின் சோளக்காடு

மார்கழியில் ஒருநாள் காலை எங்கள் மேட்டுக்காட்டு வரப்பில் ஒரு பெண்பிள்ளை கைபேசியோடு வந்து நின்றாள். விவசாயக் கல்லூரியில் படிக்கிறவளாம். எந்தக் காட்டில் என்ன பயிர் நிற்கிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பதிந்து வர அனுப்பியிருக்கிறார்கள். நான் சோளத்துக்குள் நின்று மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். தலையில் துண்டு, கையில் பண்ணருவாள், முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகியிருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, விவசாயி வீட்ல இருக்காரா?"

எனக்கு வந்ததே கோபம்! காட்டுக்குள் அருவாளோடு நிற்கிறவளைப் பார்த்து, விவசாயி எங்கே என்கிறாள். நானென்ன இங்கே குருவி விரட்டக் கட்டிவைத்த பொம்மையா? ஆனாலும் வெயிலில் வந்த பிள்ளை. வாயை அடக்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினேன். மோட்டாரைப் போட்டுவிட்டு என் வீட்டுக்காரர் வேட்டியில் கையைத் துடைத்தபடி வந்தார்.

அந்தப் பெண் கைபேசியைப் பார்த்து வாசித்தாள். இந்தப் பயிரைத் தேர்ந்தெடுக்க என்ன காரணம்? மழையா, தண்ணீர் வசதியா, போன வருட விலையா, விதை கிடைத்ததா, ஆள் கிடைத்ததா?

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "எல்லாத்தையும் யோசிச்சுத்தாம்மா போட்டோம். மழை, தண்ணி, விலை, எல்லாந்தான்."

அவள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பதிந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஊர்ல முக்கால்வாசிப் பேர் சோளம் போட்ருக்காங்களே சார், பக்கத்து ஊரெல்லாம் மக்காச்சோளமா இருக்கு?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்க்காரங்க வெவரமானவங்கம்மா" என்றார்.

யோசித்தாராம், விவரமாம்! அந்தப் பிள்ளை நன்றி சொல்லிவிட்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டாள். உண்மையில் ஐப்பசியில் என்ன நடந்தது என்பது அந்தக் கைபேசிக்குள் எங்கேயும் ஏறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் குஜிலியம்பாறைப் பக்கத்து ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் தோட்டம், அதில் தென்னையும் முருங்கையும். மற்றதெல்லாம் மேட்டுக்காடு, வானம் பார்த்த பூமி. புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதலிலோ மழை விழுந்தால்தான் விதைப்பு. நான் வந்த காலத்தில் அந்தப் பட்டத்தில் எல்லோரும் சோளம்தான் போடுவார்கள். மாசியில் கதிரைக் கொய்துவிட்டு, நிற்கிற தண்டை, அதுதான் தட்டை, அறுத்துக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் படப்பாக அடுக்கிவிட்டால், கோடை முழுக்க மாட்டுக்குக் கவலையில்லை. சோற்றுக்கு ரேஷன் அரிசி வந்துவிட்டதால் கதிரில் கிடைக்கிற தவசத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. தட்டைக்காகத்தான் சோளம்.

அப்புறம் மக்காச்சோளம் வந்தது. எப்படி வந்தது தெரியுமா? ஆராய்ச்சி செய்தா, மண்ணைப் பரிசோதித்தா? ஊரில் ஒருத்தர் மக்காச்சோளம் போட்டார், அந்த வருடம் கோழித்தீவனத்துக்கு வாங்குகிறவர்கள் நல்ல விலை கொடுத்தார்கள், அவர் புது வண்டி வாங்கினார். வண்டியை டீக்கடை முன்னால் நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து டீ குடித்தார். அவ்வளவுதான். டீக்கடை முன்னால் ஒரு புது வண்டி நின்றால் போதும், எங்கள் ஊரில் பயிர் மாறிவிடும். அடுத்த வருடம் ஊரே மக்காச்சோளம். எல்லோரும் போட்டால் விலை என்ன ஆகும் என்று ஒரு ஆம்பளைக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் கேட்டேன். "நீ செத்த நேரம் சும்மா இரு" என்றார்கள்.

மக்காச்சோளத் தட்டையை மாடு தின்னாதா என்று நீங்கள் கேட்கலாம். என் கொழுந்தனும் அதைத்தான் கேட்டான். குருத்துக்குள் புழு விழுகிறதென்று மாற்றி மாற்றி மருந்து அடிக்கிறார்கள். அந்தத் தட்டையைப் போட எனக்கு மனசு வரவில்லை. போகட்டும் என்று போடலாமென்றால், அறுப்புக்கு மெஷின் வந்து தட்டையைக் கடித்துத் துப்பிவிட்டுப் போகிறது. மண்ணோடு கிடக்கிற சக்கையை யார் பொறுக்குவது?

அதனால் போன கோடையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் படப்பு இல்லை. இரண்டு கறவை நின்றது. வெளியூர் லாரி வைக்கோலுக்கு அலைந்தேன், முருங்கைத் தழையை ஒடித்துப் போட்டேன், கருவேலங்காய் பொறுக்கினேன். பால் சுண்டிவிட்டது. வைகாசியில் ஒரு மாட்டை வியாபாரிக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். நான் பால் சொசைட்டிக்குப் போயிருந்த நேரத்தில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். திரும்பி வந்து பார்த்தால் மாடு கட்டியிருந்த முளைக்குச்சி மட்டும் இருந்தது.

மிச்சமிருப்பது செவலை ஒன்று. தாயில்லாத கன்று அது. புட்டியில் பால் ஊற்றி நான் வளர்த்தது. காட்டுப் பட்டா அவர் பேரில், கிணறு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது, வீடு மாமனார் பேரில். எனக்கென்று அந்த வீட்டில் இருப்பது செவலை மட்டும்தான். பாலுக்கு வருவதில்தான் மகளுக்குக் கல்லூரி பஸ், எனக்கு ஒரு சேலை, கண்ணாடி மாற்றுகிற செலவு எல்லாம். யார் முகத்தையும் பார்த்துக் கையேந்தாமல் நான் நடமாடுவது அதனால்தான். இந்தப் பட்டத்திலும் மக்காச்சோளம் என்றால் அடுத்த கோடையில் செவலையின் முளைக்குச்சியும் காலியாகிவிடும். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "தீவனம் இல்லாட்டி வித்துருவோம், என்ன இப்ப?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்ன மனுசன்தானே.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்த ஊரில் நான்தான் கைராசிக்காரி. நான் கல்யாணமாகி வந்த வருடம், புதுப்பொண்ணு கையால் போடட்டும் என்று என்னை முதல் விதை போடச் சொன்னார்கள். அந்த வருடம் நல்ல மழை. விளைச்சல் கொட்டியது. பெய்தது மழை, பேர் வாங்கினது நான். அன்றிலிருந்து மழை விழுந்து உழவு ஓட்டியதும் வெற்றிலை பாக்கோடு வந்துவிடுவார்கள். நான் குளித்து, விதையை மடியில் கட்டிக்கொண்டு எங்கள் காட்டில் கிழக்கே பார்த்து மூன்று கை வீசினால்தான் மற்றவர்கள் விதைக்கத் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் ஒருத்தரும் விதைக்க மாட்டார்கள். ஈரம் காய்ந்தாலும் காத்திருப்பார்கள். விளைந்தால் அவர்கள் கெட்டிக்காரர்கள். விளையாவிட்டால், "மனசில்லாமப் போட்ருப்பா" என்று என் தலையில் கட்டுவார்கள்.

அடேங்கப்பா, எம்புட்டு மரியாதை! என் கை வேண்டும் அவர்களுக்கு. என்ன போடலாம் என்று இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூட என் வாயைக் கேட்டதில்லை.

புரட்டாசியில் கொழுந்தன் மக்காச்சோள விதைப் பொட்டலங்களை வாங்கி வந்து முற்றத்தில் அடுக்கினான். ராத்திரி பகலாகக் கைபேசியில் வீடியோ பார்க்கிறவன் அவன். "இந்த ரகம் பிச்சுக்கிட்டு வருதாம் மதினி" என்றான்.

"சோளம் கொஞ்சம் போடுவோம்யா. மாடு நிக்குதுல்ல" என்றேன்.

"சோளத்தைப் போட்டா குருவி திங்கும், மயிலு திங்கும். காவலுக்கு யாரு இருக்கா?"

"மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்னி திங்கலையா? போன வருசம் நீதான ராவெல்லாம் வெடி போட்டுக்கிட்டுக் கெடந்த? தவசத்தைக் குருவி தின்னுட்டுப் போகட்டும். தட்டை எனக்குப் போதும்."

அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் வானத்தைப் பார்த்தார். பேச்சு முடிந்தது.

மறுநாள் நான் குஜிலியம்பாறை விதைக்கடைக்குப் போனேன். கடைக்குள் கூரைவரை மக்காச்சோளப் பொட்டலம். "சோளமா? அதெல்லாம் இப்ப யாரும்மா கேக்குறா? வெச்சா வண்டு பிடிக்குது. மக்காச்சோளம் எடுத்துக்கங்க" என்றான் கடைக்காரன். யாரும் கேட்பதில்லை என்று இவன் வைப்பதில்லை. இவன் வைப்பதில்லை என்று யாரும் போடுவதில்லை. கேட்டால் விவசாயிகளின் விருப்பமாம்! எரிச்சலோடு திண்டுக்கல் பஸ் ஏறினேன்.

டவுனில் தானியக்கடைகள் இருக்கிற தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு பாய் கடையில் வாசலிலேயே சாக்கைத் திறந்து வைத்திருந்தார்கள். வெள்ளைச் சோளம், முத்து முத்தாக. கையில் அள்ளிப் பார்த்தேன்.

"எத்தனை புறா வெச்சிருக்கீங்கம்மா?" என்றார் பாய்.

"என்ன பாய்?"

"இங்க சோளம் வாங்குறவங்க எல்லாம் புறாவுக்குத்தான் வாங்குவாங்க. பந்தயப்புறா. அதான் கேட்டேன்."

நாங்கள் சோறாக்கித் தின்ற சோளம், கூழ் காய்ச்சிக் குடித்த சோளம், டவுனில் புறாத்தீனியாக நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. விதைக்கு வேண்டும் என்றேன். பாய் ஒரு கை சோளத்தை அள்ளிக் காகிதத்தில் மடித்தார். "முளைக்குமான்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. முதல்ல கொஞ்சம் கொண்டுபோய் ஈரச்சாக்குல கட்டிப் பாருங்க. முளைச்சா வாங்க, உங்களுக்குன்னு எடுத்து வெக்கிறேன்" என்றார். சாக்கில் கட்டிப் போட்டேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் முளைவிட்டது. மறுபடி போய் ஒரு பை நிறைய வாங்கி வந்து மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டேன். வீட்டில் யாரும் அந்தப் பரணை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஐப்பசி பிறந்து சில நாளில் நல்ல மழை. இரண்டு நாள் கழித்து உழவு ஓட்டினார்கள். அன்று சாயங்காலமே வெற்றிலை பாக்கு வந்தது.

விடியக்காலையில் குளித்துவிட்டு மடியைக் கட்டினேன். காட்டில் ஊர் ஆம்பளைகள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கொழுந்தன் தட்டில் மக்காச்சோள விதை வைத்து நீட்டினான். மருந்து பூசின ரோஸ் கலர் விதை. அதையும் வாங்கி வரப்பில் வைத்தேன். கிழக்கே பார்த்துக் கும்பிட்டேன். மடிக்குள் கையை விட்டு வீசினேன்.

ஈர மண்ணில் வெள்ளை வெள்ளையாக விழுந்தது.

முதல் கை விழுந்தபோது யாருக்கும் புரியவில்லை. இரண்டாவது கையில் கொழுந்தன் கத்திவிட்டான். "என்ன மதினி போடுறீங்க? ஐயோ, சோளம்ண்ணே! சோளத்தைப் போடுறாங்க!"

நான் நிறுத்தவில்லை. மூன்றாவது கையையும் வீசிவிட்டுத்தான் திரும்பினேன். என் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏ புள்ள, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார்.

"மாட்டுக்குத் தீவனம் வேணும்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல. அதான்."

கொழுந்தன், மேலாக மறுபடி ஓர் உழவு ஓட்டி மக்காச்சோளமே ஊன்றிவிடலாம் என்றான். பக்கத்துக் காட்டுப் பெரியவர் கையை உயர்த்தித் தடுத்தார். "வேணாம்ப்பா. ராசியான கை விழுந்துருச்சு. அதுக்கு மேல இன்னொன்னு போடப்படாது. வெள்ளாமை வெளங்காது." அத்தனை பேரும் தலையாட்டினார்கள். இத்தனை நாள் என்னை வாய் திறக்க விடாமல் செய்த அதே கைராசி அன்றைக்கு எனக்காகப் பேசியது. பரணிலிருந்த பையை இறக்கிக் கொண்டுவந்து காடு முழுக்க விதைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கூத்து. அன்று ஊரில் யாரும் மக்காச்சோளம் ஊன்றவில்லை. டீக்கடையில் கூடிக் கூடிப் பேசினார்களாம். "அவ காரணம் இல்லாமப் போடுவாளா? போன மாசம் ரெண்டு தடவை டவுனுக்குப் போய்ட்டு வந்தாப்பா. என்னமோ விசாரிச்சுருக்கா." "சோளம் வெலை ஏறப்போகுதோ?" "புருசனுக்கே சொல்லலைன்னா பாத்துக்கயேன், எம்புட்டுப் பெரிய வெசயமா இருக்கும்!"

ஒருத்தன், ஒரே ஒருத்தன் என் வீட்டுக்கு வந்து, "ஏன்க்கா சோளம் போட்டீங்க?" என்று கேட்டிருந்தால், மாட்டுக்கு என்று சொல்லியிருப்பேன். காட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லத்தானே செய்தேன்! பொம்பளை சொன்ன காரணம் காரணமாகவே அவர்கள் காதில் விழவில்லை. அதற்குப் பின்னால் வேறு பெரிய காரணம் இருக்க வேண்டும் என்று அவர்களே ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டே நாளில் ஊர்ப்பாதி திண்டுக்கல் போய்ப் பாய் கடைச் சாக்கைக் காலி செய்துவிட்டது. அடுத்த முறை டவுனுக்குப் போனபோது பாய் என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். "என்னம்மா பண்ணீங்க? புறாக்காரங்க எல்லாம் என்னை ஏசிட்டுப் போறாங்க" என்றார்.

இப்படித்தான் எங்கள் ஊரில் முக்கால்வாசிக் காடு சோளமானது. விவரமானவர்களாம்!

மழை தப்பாமல் இரண்டு முறை பெய்தது. சோளம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது. கதிர் முற்றியபோது குருவியும் கிளியும் பாதியைத் தின்றன. மிச்சத்தைக் கொய்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தட்டை மட்டும் காட்டில் நின்றது. நான் படப்பு போடுகிற இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்து வைத்தேன். செவலைக்கு அப்போது சினை. பங்குனியில் கன்று போடும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் ஒரு காலை, கொழுந்தன் லாரிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்கு வந்தான். கொங்குப் பக்கத்துத் தீவன வியாபாரி. சுற்று வட்டாரமெல்லாம் மக்காச்சோளம் என்பதால் தட்டைக்குப் பெரிய தட்டுப்பாடு, மாட்டுப் பண்ணைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். "தட்டை நல்லா இருக்குதுங்க. மொத்தக் காடும்னா நானே ஆள் வெச்சு அறுத்துக்கிறேனுங்க" என்றார்.

கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல். "மதினி கைராசின்னா கைராசிதான்!" என்றான்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் மாட்டுக்கு வெச்சுக்கிட்டு..." என்று இழுத்தார்.

"கொஞ்சம்னா அவரு லாரிக்குக் கட்டாதுண்ணே. மாட்டையும் சேத்துக் கொடுத்துருவோம். சினை மாடு, இப்பத்தான் நல்ல வெலைக்குப் போகும்."

மாட்டுக்காகப் போட்ட தட்டை. அந்தத் தட்டைக்கு விலை வந்துவிட்டது, அதனால் மாடு வேண்டாமாம். மக்காச்சோளம் போட்டாலும் மாடு போகும், சோளம் போட்டாலும் மாடு போகும் என்றால் நான் எதைத்தான் விதைப்பது? அழவில்லை. நேராக வீட்டுக்கு நடந்தேன்.

கொட்டகையில் செவலையை அவிழ்த்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுத்தெரு வழியாகக் காட்டுக்கு ஓட்டி வந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள், சிலபேர் பின்னாலேயே வந்தார்கள். காட்டு வாசல் படலைத் திறந்து, கயிற்றைக் கழற்றி, செவலையைத் தட்டைக்குள் விட்டேன். நிற்கிற வெள்ளாமைக்குள் சொந்த மாட்டையே அவிழ்த்துவிட்ட ஒருத்தியை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. தூரில் பச்சைத் துளிர் வந்திருந்தால் மாட்டுக்கு நஞ்சு. அது இல்லை என்று முந்தின நாளே பார்த்துவைத்திருந்தேன். எவ்வளவு கோபத்திலும் அந்தப் புத்தி எனக்கு இருந்தது.

"பைத்தியமா மதினி உங்களுக்கு!" என்று கொழுந்தன் குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அடிச்சுப் பாருடா பாப்போம். மொதக் கை வெதை நான் போட்டது, செவலைக்காகப் போட்டது. ஊருக்கே தெரியும்."

குச்சி அப்படியே நின்றது. வியாபாரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, இது யாரு சரக்குன்னு மொதல்ல வீட்டுக்குள்ள பேசி முடிச்சுட்டு எனக்குப் போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு லாரியைப் பார்த்துப் போய்விட்டார். கொழுந்தன் அவர் பின்னாலேயே ஓடினான்.

செவலை ஒரு தட்டையை நடுவில் கடித்து, முறித்து, தோகையோடு மென்றுகொண்டிருந்தது. அந்தச் சத்தம் வரப்புவரை கேட்டது. பயிரைத் தேர்ந்தெடுக்க என்ன காரணம் என்று கேட்ட அந்தக் கல்லூரிப் பிள்ளை அப்போது வந்திருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் படலுக்குப் பக்கத்தில் நின்றார். அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"அடுத்த பட்டத்துக்கு வெத்தலை பாக்கோட வாறவங்ககிட்ட இப்பவே சொல்லி வையுங்க. இனிமே இந்தக் கையைக் கூப்பிட்டா வாயும் கூடவேதான் வரும்."

அவர் செவலையைப் பார்த்தார். பிறகு மாடு உள்ளே இருக்கும்படி படலை இழுத்து அவரே சாத்தினார்.